சங்கத்துக்கு வாங்கிய துரை வண்டி

மனுவேல் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போனார். காப்பி குடித்தார், சரி என்றார், பிலோமியைக் கட்டிக்கொண்டார். அதே மனிதர் மோட்டார் சைக்கிள் பார்க்கப் புறப்பட்டபோது ஒரு வருஷம் பிடித்தது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பிலோமி அக்காவே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

மனுவேல் எங்கள் சங்கத்தின் செயலாளர். நான் அவருக்குக் கீழே எழுத்தர். நெல்லியாளம், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த, இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் சங்கம் அது. அங்கே இருந்தவரைக்கும் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, இந்த மலைக்கு வந்து சேர்ந்ததும் கண்டிக்காரங்க என்றார்கள். எந்தக் கரையில் நின்றாலும் எதிர்க்கரையின் பேர்தான் கிடைக்கும்போல என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனோம்.

மனுவேல் பிறந்தது புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியைத் தறித்துவிடும் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போன புண்ணியத்தில் மனுவேலுக்குச் சட்டப் புத்தகத்தைத் திக்காமல் படிக்க வரும். எங்களில் அப்படிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் செயலாளர் ஆனார். ஆனால் சட்டம் தெரிந்து என்ன? ஒரு தோட்டத்தில் தகராறு என்று சேதி வரும். பஸ்ஸுக்குக் காத்திருந்து, பஸ் போகாத தூரத்தை நடந்து, காலெல்லாம் அட்டைக்கடியோடு அவர் போய்ச் சேரும்போது தகராறு முடிந்திருக்கும், வேலை போனவர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார். அதனால் எழுபத்து நான்காம் வருஷத்துக் கூட்டத்தில் தலைவர் தங்கவேலு, செயலாளருக்கு மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானம் போட்டார். எந்த வண்டி என்பதை மனுவேலே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அங்கேதான் பிசகியது.

மனுவேல் வேலையைச் சுத்தமாகச் செய்பவர். முதலில் பாதைகளைப் பார்த்தார். தார் ரோடு, ஜல்லி ரோடு, மழை பெய்தால் சோப்புக்கட்டிபோல வழுக்கும் தோட்டத்துச் செம்மண் பாதை, அதில் பாறை முட்டும் இடங்கள். தார் ரோட்டில் நடுவட்டம் ஏறி ஊட்டிவரை அலுக்காமல் ஓட வேண்டும், அதே வண்டி தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்வரை சேற்றிலும் வர வேண்டும். இப்படி ஒரு வண்டி உண்டா என்று கேட்காத ஆளில்லை. பாதிரியாரிடம் கேட்டார். பஸ் டிரைவரிடம் கேட்டார். என்னிடமும் கேட்டார். நான் ராலி சைக்கிள்கூட ஓட்டாதவன், ஆனாலும் கருத்துச் சொன்னேன். நம் ஊரில் கருத்துக்கு லைசென்ஸ் கேட்பதில்லை.

கடைசியில் குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே ஒர்க்‌ஷாப் வைத்திருந்த லூயிஸிடம் போய்ச் சேர்ந்தோம். லூயிஸ் பொறுமைசாலி. மாதம் ஒரு தடவை நாங்கள் போவோம், மாதம் ஒரு வண்டி காட்டுவார்.

முதலில் ராஜ்தூத். லேசான வண்டி. செம்மண் பாதையில் சமர்த்தாக ஏறியது.

“இதைய எடுங்க மனுவேல்,” என்றார் லூயிஸ். “மலையில ஓட்டறதுக்கு ஒரே சட்டந்தானுங்க. கீழ விழுந்தா தனியாளாத் தூக்கோணும். தூக்க முடியாத வண்டி நம்மளுது இல்லீங்க.”

மனுவேல் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்து, அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரின் ஜாவாவை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தார். அதில் மிதித்து ஸ்டார்ட் செய்வதும் கியர் மாற்றுவதும் ஒரே கம்பிதான். அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆச்சரியப்படுவதோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு புல்லட். அதில் ஏறி உட்கார்ந்தபோது அவர் கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. ஊட்டி ரோட்டில் ராஜா மாதிரி போனார், நிறுத்த வேண்டிய இடத்தில்தான் அவருடைய ராஜ்ஜியம் சரிந்தது. இறங்கி முழங்காலைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் பாப்பம்” என்றார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், லூயிஸ் மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு தோட்டத்துத் துரை விட்டுப்போன பழைய பி.எஸ்.ஏ., முந்நூற்றைம்பது சி.சி. லூயிஸ் அதை விற்பதற்காகக் காட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்பானரை எடுக்கத்தான் தார்ப்பாயை விலக்கினார். மனுவேல்தான், “கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்களேன்” என்றார்.

அந்தச் சத்தம் கேட்டதும் மனுவேலின் கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் முதுகும் ஏனென்று தெரியாமல் நிமிர்ந்தது.

“ஏனுங்க, வண்டி பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?” என்று கேட்டார் லூயிஸ்.

சங்கக் கூட்டத்தில் மனுவேல் அதற்கு அடுக்கடுக்காகக் காரணம் சொன்னார். வயிற்றுப்பக்கம் பாறையில் இடிக்காத உயரம். சேற்றில் பிடித்துத் திருப்ப அகலமான கைப்பிடி. ஏற்றத்தில் மூச்சு வாங்காத எஞ்சின். இருக்கை மட்டும் புல்லட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. எல்லாமே உண்மைதான். சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கவேலு, “தொர ஓட்டுன வண்டின்னா நம்ம சங்கத்துக்கும் ஒரு மதிப்புதானே” என்றார். தீர்மானம் நிறைவேறியது.

துரை வண்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கண்டித் தோட்டத்தில் சின்னத்துரைமார், அதாவது பெரிய துரைக்குக் கீழே இருந்த அதிகாரிகள், மலை சுற்றுவது இந்த மாதிரி வண்டியில்தான். ஆள் தெரிவதற்கு முன்னே சத்தம் வந்துவிடும். சத்தம் கேட்டால் பேச்சு நிற்கும். உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். ஆண்கள் தலைத்துணியை அவிழ்ப்பார்கள். பெண்களின் கை கொழுந்தில் பறக்கும், தலை நிமிராது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மறக்கவும் இல்லை.

இங்கே வந்த பிறகு துரைமார் ஜீப்பில் போனார்கள். ஜீப்பைப் பார்த்து எங்கள் ஆட்கள் அவ்வளவாகப் பயப்படவில்லை. மனுவேல் தன் சங்கத்து வண்டியில் முதல்முறை தோட்டத்துக்குள் நுழைந்தார். ஒரு மலை முழுக்கக் குனிந்தது, வேலை பறந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மனுவேல் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அடுத்த சில மாதங்களில் அவரிடம் யாரும் குறை சொல்லவும் வரவில்லை. வருவதற்குள் அவர் வண்டிச் சத்தம் வந்துவிடும், வந்தவர் கால் திரும்பிவிடும். ‘மோட்டார் சைக்கிள் வாங்கியபின் தொழிலாளர் குறைகள் வெகுவாகக் குறைந்துள்ளன’ என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் அறிக்கை எழுதினேன். அவர் வரும் நாளில் கொழுந்து எடை கூடுவதைப் பார்த்து எங்கள் தோட்டத்து மேனேஜருக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

அப்போதுதான் வீரம்மாவுக்கு வேலை போயிற்று.

வீரம்மா கொழுந்து பறிப்பவர், புருஷன் மண்டபம் முகாமிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்று அதிகமாகக் கழித்ததைக் கேட்டார். கேட்டவிதம் கொஞ்சம் காரம். வேலையை விட்டு நிறுத்தினார்கள், கூடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலை இல்லையென்றால் லயத்தில் காம்பராவும் இல்லை. அந்த ஒற்றை அறையில்தான் அவர் மகள் நிறைமாதமாகப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெளியே ஆடி மாத மழை. திங்கட்கிழமை காம்பராவைக் காலிசெய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீரம்மா மனுவேல் வீட்டுக்கே நடந்து வந்துவிட்டார். மனுவேலுக்குக் கோபம் வந்தது, அது நிஜமான கோபம். “நாளைக்கு யாரும் மலைக்குப் போகக் கூடாது,” என்றார். “எல்லாரும் பெரட்டுக்களத்துல ஒக்காருங்க. நான் வெள்ளென கூடலூருக்குப் போயி லேபர் ஆபீசருகிட்ட மனு குடுத்துட்டு வந்துர்றேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கப்புடாது.”

எழுந்திருக்கவில்லை. காலையில் பேர் பதியும் அந்தக் களத்தில் அத்தனை பேரும் மழையில் படங்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி அதட்டிப் பார்த்தார், அசையவில்லை. மேனேஜர் ஜீப்பில் வந்து அதட்டினார், அப்போதும் அசையவில்லை. எங்களில் மூத்த கொழுந்துக்காரி கருப்பம்மா வெற்றிலையை மென்றுகொண்டு மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆட்களா இவர்கள் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. மேனேஜர் இறங்கி ஆபீசுக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது கீழே வளைவில் பி.எஸ்.ஏ. சத்தம் கேட்டது.

கருப்பம்மா முதலில் எழுந்தார். பிறகு வரிசையாக எல்லாரும். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. கூடையைத் தலையில் மாட்டினார்கள், மலையேறினார்கள். என் காலும் எழுந்து நின்றது, எனக்குத்தான் போக மலை இல்லை. மனுவேல் வந்து வண்டியை நிறுத்தியபோது களத்தில் நானும் தங்கவேலுவும் கூடை இல்லாத வீரம்மாவும் மட்டும் நின்றோம்.

“ஆளுகளெல்லாம் எங்க?”

“வேலைக்குப் போயிட்டாங்க,” என்றார் தங்கவேலு.

“யாரு போகச் சொன்னது?”

தங்கவேலு வண்டியைப் பார்த்தார். வீரம்மாதான் சொன்னார். “நீங்கதாண்ணே. சின்னதொர வர்ற சத்தத்துல வந்தா அதுக வேற என்னா செய்யும்?”

ஒரு வருஷம் தேடிய மனிதருக்கு, தான் எதைத் தேடினோம் என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். பார்க்கப் பாவமாக இருந்தது. போதாக்குறைக்கு மேனேஜர் வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “பொறுப்பான தலைவர்னா இப்படித்தான் இருக்கணும்” என்றார்.

மனுவேல் வண்டியை விட்டு இறங்கப் போனார். வீரம்மா விடவில்லை.

“எறங்காதீங்க. நானும் ஏறுறேன். மலைக்கு விடுங்க வண்டிய.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஒருச்சாய்ந்து உட்கார்ந்து, மனுவேலின் கோட்டைப் பிடித்துக்கொண்டார். வண்டி செம்மண் பாதையில் ஏறியது. ஒன்று சொல்ல வேண்டும், மனுவேல் சொன்ன காரணங்கள் அத்தனையும் அன்று பலித்தன. பாறையில் இடிக்கவில்லை, சேற்றில் வழுக்கவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

சத்தம் நெருங்க நெருங்கப் பெண்கள் குனிந்தார்கள், கைகள் பறந்தன. கருப்பம்மா மட்டும், சக்கரம் பக்கத்தில் வந்தபோது, படங்குக்கு அடியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார். பறித்த கை நின்றது.

“அடியே, இங்க பாருங்கடி! தொர வண்டியில நம்ம வீரம்மா!”

ஒரு தலை நிமிர்ந்தது. இன்னொன்று. யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் சிரிப்பை யார் நிறுத்துவது? வீரம்மா பின்னால் உட்கார்ந்தபடி, துரைமார் காட்டுவதுபோல விரலை நீட்டி, “என்னா பராக்கு? வெரசா பறி, வெரசா பறி!” என்று அதட்டினார். மலை முழுக்கச் சிரித்தது. கூடைகள் இறங்கின. வண்டி திரும்பி இறங்கியபோது அதன் பின்னால் அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள்.

மத்தியானத்துக்குள் மேனேஜர் இறங்கி வந்தார். வீரம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், காம்பராவும் உண்டு, ஈரக் கழிவைக் குறைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. இந்த மோட்டார் சைக்கிள் இனிமேல் தோட்டத்து கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. இவ்வளவு நாள் அந்த வண்டியால் லாபம் பார்த்தவர் அவர்தான், ஆனாலும் அந்தச் சிரிப்பை அவரும் கேட்டுவிட்டார்.

மனுவேல் ஆபீஸ் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். எந்தப் பாதைக்காக ஒரு வருஷம் அலைந்தாரோ அந்தப் பாதை அவ்வளவும் கேட்டுக்கு உள்ளேதான் இருந்தது. உள்ளே போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வாங்கியது தெரியும், கொடுத்தது தெரியும், நடுவில் யோசித்ததாகத் தெரியவில்லை.

சேதி தெரிந்ததும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சங்கத்து வண்டி இன்றோடு வெளியே போகிறதென்றால், போவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு தடவை கேட்வரை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம். மனுவேலும் சளைக்கவில்லை. ஆபீஸ் வாசலிலிருந்து கேட், கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல். அரை நாள் வேலை கெட்டது. மேனேஜர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒப்பந்தத்தில் இதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை.

கடைசியாகக் கருப்பம்மா ஏறினார். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது. வண்டி வராந்தாவுக்கு நேரே வந்தபோது மேனேஜர், போதும் என்பதுபோலக் கையை உயர்த்தினார். பழக்கதோஷம், மனுவேலின் கால் பிரேக்குக்குப் போனது.

கருப்பம்மா பின்னாலிருந்து அவர் முதுகில் ஒரு குத்து விட்டார். தலையைக் குனியவில்லை, மேனேஜர் பக்கம் திரும்பவும் இல்லை.

“நிப்பாட்டாத தம்பி,” என்றார். “நீ போ.”