சேவல் புறாவின் அவசரம்

மும்பை தாராவியில் மரியசூசையின் மாடியில் வெள்ளைப் புறாக்கள் இருக்கின்றன. தாலி கட்டி முடிந்து மணமக்கள் சர்ச் வாசலுக்கு வந்ததும், ஆளுக்கு ஒரு புறாவைப் பறக்க விடுவார்கள். ஜோடிப் புறா என்று ஊரே கைதட்டும். ஜோடியாவது மண்ணாவது, இரண்டும் சேவல். அவற்றின் பெட்டைகள் தாராவிக் கூண்டில் இருக்கும்.

சேவல் வழியில் எங்கும் உட்காராமல் வீடு திரும்ப மரியசூசை ஒரு வேலை செய்வார். கூடையில் அடைப்பதற்கு முன், அதன் கண்ணெதிரே அதன் பெட்டையிடம் வேறொரு சேவலை விடுவார். இரண்டும் கொஞ்சுவதைப் பார்க்க வைத்துவிட்டு, வெடுக்கென்று இதைத் தூக்கிக் கூடைக்குள் போடுவார். வயிற்றெரிச்சலோடு கிளம்பிய புறா எங்கேயாவது நிற்குமா?

மரியசூசை நிற்பார். பந்தி, பிரியாணி, சிநேகிதர்கள், சீட்டு எல்லாம் முடிந்து பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவார்.

அவருக்கும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பெயர் ஜெப்ரி. கோவண்டிக்காரன், இளவட்டம். அவனுடைய நாய் கழுத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு, மோதிரக் கூடையைக் கவ்வியபடி கல்யாண மேடையேறும். வீடியோக்காரர்கள் இப்போது புறாவை விட்டுவிட்டு நாயின் பின்னால் ஓடுகிறார்கள். வாலாட்டத் தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிறு தாணேயில் கல்யாணம். மரியசூசை கூடையைத் தூக்கியபோது, தையல் மிஷினில் இருந்த மனைவி அன்னமேரி தலை நிமிராமல் சொன்னாள்.

"மத்தியானம் ஜெப்ரி வாராரு. நாய்க்குக் கோட்டு தைக்கணுமாம்."

"கோவண்டில டெய்லரே கிடையாதாமா?"

"என் தையல்தான் நல்லாருக்காம். நீங்க மெதுவா வாங்க."

நாய்க்காரனுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று ரயில் முழுக்கப் பொருமினார். சர்ச்சில் மணப்பெண் சிரித்தபோதெல்லாம் அன்னமேரி ஜெப்ரியோடு சிரிப்பதுபோலவே இருந்தது. தன்னிடம் அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அதற்கும் ஜெப்ரி மேலேயே கோபம் வந்தது.

புறாக்கள் பறந்தன. பந்திக்குக் கூப்பிட்டவர்களுக்குப் பதில்கூடச் சொல்லாமல் காலிக் கூடையோடு ஸ்டேஷனுக்கு ஓடினார். சயானில் ரயில் நிற்பதற்குள் குதித்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஜெப்ரியும் இல்லை, நாயும் இல்லை. மிஷினுக்கு உறை போட்டிருந்தது. தரையில் இரண்டு தட்டு, சட்டியில் சூடாக மீன் குழம்பு. மாடியில் சேவல்கள் முன்பே வந்து பெட்டைகளைச் சுற்றி முனகிக்கொண்டிருந்தன.

"ஏளா, அவன் எங்க?"

"யாரு? நான் யாரையும் வரச் சொல்லலியே."

அவர் காலிக் கூடையைக் கீழே வைத்தார்.

"கல்யாண சீசன்ல ஒரு ஞாயித்துக்கெழமயாவது என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கியளா? புறாவ எப்படி வீட்டுக்கு ஓடிவர வைக்கியன்னு தெனமும் பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றாள் அன்னமேரி. "கையக் கழுவிட்டு வாங்க."

அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, வழக்கம்போல வேறொரு சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு கூண்டின் முன் வெகுநேரம் நின்றார். தாணேயிலிருந்து வந்த வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது மறக்கவில்லை. அந்தச் சேவலைப் பெட்டையிடம் விடாமல், பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்.

அன்று புறாக்கள் தாமதமாகத்தான் வந்தன. அவற்றுக்கு முன்பே வந்து மரியசூசை சாப்பிட உட்கார்ந்திருந்தார்.