கல்லு மனுஷனும் போர்வைக்காரியும்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மாமியார், கேம் பெட்டியை வாங்க அரியலூரிலிருந்து வந்தவர். மூன்றே பேர். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர் நடுவில் இரண்டு நிமிடம் போனில் வந்துபோனார். அதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. புது ஆள் ஒருவர் வீட்டுக்குள் வந்தாலே, வாசல் கதவு திறந்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா, அவர் குடித்த டீயில் சர்க்கரை கூடிவிட்டதா என்று மனது ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் கணவர் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பிவிட்டார். பெரம்பலூர் வீட்டில் நானும் அத்தையும் மிஞ்சினோம். அத்தை காலையில் வெங்காய மண்டிக்குப் போவார். சின்ன வெங்காயத்தில் காய்ந்த தாளை அறுத்து, தரம் பிரிக்கிற வேலை. மதியத்துக்கு மேல் திரும்பி வந்தால் எங்களுக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்:

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தை."

"கதவச் சாத்திட்டியா?"

"சாத்திட்டேன் அத்தை."

கோபம் என்றெல்லாம் இல்லை. இரண்டு பேருக்குமே என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்று நான் கவலைப்பட்டேன். நான் ஏன் பேசவில்லை என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

டிவியில் மாட்டி ஆடுகிற அந்தக் கேம் பெட்டி என் கணவர் தனக்காக வாங்கி வந்தது. லீவில் இருந்தபோது எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருநாள் மதியம் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார். "அந்தச் சண்டையப் போடு, பாப்போம்" என்றார். பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு ரிமோட் அவர் கையில் இருந்தது.

சூப்பர் ஹீரோக்கள் இரண்டிரண்டு பேராக மோதிக்கொள்ளும் விளையாட்டு அது. ஒருவன் கையிலிருந்து மின்னல் வரும். ஒருத்தி முதுகில் நீலத் துணி பறக்க வானத்திலிருந்து இறங்குவாள். மலை மாதிரி ஒருவன், உடம்பெல்லாம் பாறை. அவர்களுக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. அத்தை அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. பாறைக்காரன் கல்லு மனுஷன், நீலத் துணிக்காரி போர்வைக்காரி. நான் போர்வைக்காரியை எடுப்பேன், அத்தை எப்போதும் கல்லு மனுஷனையே எடுப்பார். "அவன்தான் அலட்டிக்காம நிக்கிறான்" என்பார்.

அந்த விளையாட்டு எப்படி என்று கேட்டால், என் கணிப்பைச் சொல்கிறேன். கதை ஒன்றும் தேறாது. உலகத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, காப்பாற்ற வந்தவர்களே ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். இரைச்சல் அதிகம். ஒவ்வொரு குத்துக்கும் டிவி வெடித்துவிடுமோ என்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பேன். ஒருவருக்காவது அம்மா அப்பா இருப்பதாகத் தெரியவில்லை, யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் மொட்டை மாடியில் மழை பெய்யும்போது நடக்கும் சண்டை ஒன்று உண்டு. தண்ணீர் தெறிப்பதும், ஈரத் துணி உடம்போடு ஒட்டுவதும், தூரத்து விளக்குகள் மங்குவதும் அத்தனை அழகு. அதை வரைந்தவர்கள் மழையில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அடிக்கிற பொத்தான்கள் மூன்று, தடுக்கிற பொத்தான் ஒன்று. பழகுவது சுலபம்.

எனக்கு அந்தத் தடுக்கிற பொத்தான் ஒன்றே போதுமானதாக இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. திரையில் எதிரே நிற்பவன் கல்லு மனுஷன்தான். ஆனால் அவனை ஆட்டுவது அத்தையின் கை. அடிக்கிற பொத்தான்மேல் விரலை வைத்தால் விரல் அமுங்கவில்லை. மாமியாரை மருமகள் எப்படி அடிப்பது? தடுத்துக்கொண்டே பின்னால் பின்னால் போவேன். தடுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் குறையும். கடைசியில் போர்வைக்காரி விழுவாள். அத்தை தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

ஜெயித்த பிறகு அவருக்குப் பேச்சு வரும். மண்டியில் யார் யாரோடு சண்டை, என் கணவர் சின்ன வயதில் கிணற்றில் செருப்பைப் போட்டது, தான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் பேச ஆளில்லாமல் ஆட்டுக்குட்டியோடு பேசியது. தினமும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் காலையிலிருந்தே காத்திருப்பேன்.

அப்போதுதான் தண்ணீர் இறைக்கிற போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. உள்ளே கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்ட வேண்டும் என்று மெக்கானிக் கழற்றிக்கொண்டு போனார். அந்த மாதம் சிங்கப்பூரிலிருந்து சம்பளம் வரத் தாமதம். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஒரு வாரம் ஓட்டினோம். எட்டாம் நாள் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பெட்டிய வித்துடு. தண்ணிதான் முக்கியம்."

நான் சரி என்றேன். பெட்டி போனால் மறுபடி 'சாப்ட்டியா, சாத்திட்டியா' மட்டும்தான் மிஞ்சும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வந்தவர் அரியலூரில் கேம் சென்டர் வைக்கப்போகிறவர். நல்ல மாதிரி. பெட்டியை டிவியில் மாட்டிப் பார்த்தார், சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்பதாயிரத்துக்குப் பேசி முடிந்தது. போனில் வந்த என் கணவரும், "குடுத்துருங்க, அடுத்த தடவ வேற வாங்கிக்கலாம்" என்றார். முன்பணம் மூவாயிரத்தை வந்தவர் என் போனுக்கு அனுப்பினார். அதை அந்த நிமிடமே மெக்கானிக்குக்கு அனுப்பி, அவர் கட்டித் தயாராக வைத்திருந்த மோட்டாரைக் கொண்டுவரச் சொன்னேன். மீதியை ஏடிஎம்மில் எடுக்கக் கிளம்பும்போதுதான் அவர் ரிமோட்டுகளைக் கையில் எடுத்தார்.

"என்னக்கா, இதுல வெங்காய வாசம் அடிக்குது?"

"நான் மண்டிக்குப் போறவ தம்பி" என்றார் அத்தை. "எவ்ளோ கழுவினாலும் கைய விட்டுப் போவாது. அதச் சொல்லி வெலயக் கொறைக்காத."

அவர் சிரித்துக்கொண்டே என் ரிமோட்டை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாரு ஆடுனது? தடுக்குற பட்டன் மொழுமொழுன்னு தேஞ்சு கெடக்கு. அடிக்கிற பட்டனெல்லாம் கடையிலேருந்து வந்த மாதிரி புதுசா இருக்கு. அக்கா, நீங்க அடிக்கவே மாட்டீங்களா?"

"அப்படின்னா?" என்றார் அத்தை.

"தடுத்துக்கிட்டேதான் இருந்திருக்காங்கம்மா. உங்கள ஒரு அடிகூட அடிச்சிருக்க மாட்டாங்க."

பெட்டி போவதுகூடப் பரவாயில்லை, அத்தை ஜெயித்ததையெல்லாம் நான் பிடுங்கிக்கொண்டேனே என்று இருந்தது.

"ஏண்டி?"

"நீங்க அத்தையாச்சே."

"அதுக்குள்ள நானா இருந்தேன்? கல்லு மனுஷன்தான இருந்தான்?"

"கை வரல அத்தை."

"எம் மருமவள தெனம் தோக்கடிக்கிறேன்னு மண்டி முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்டி!"

வந்தவர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போடு ஒரு ஆட்டம்" என்று அத்தை தரையில் சம்மணமிட்டார். "இப்பவும் அடிக்காம நின்னேன்னா இனிமே உங்கூடப் பேச மாட்டேன்."

அதைவிடப் பெரிய மிரட்டல் எனக்கு வேறில்லை. முதல் குத்து விட்டேன். "மன்னிச்சுக்கங்க அத்தை" என்று வாய் தானாகச் சொன்னது. இரண்டாவது குத்துக்கும் சொன்னேன்.

"மன்னிப்பு கேக்காத. அடி!"

முதல் சுற்று அவருக்கு. இரண்டாவதில் போர்வைக்காரி மேலேயிருந்து பாய்ந்ததில் கல்லு மனுஷன் குப்புற விழுந்தான். நான் காத்திருந்தேன். நான் விழுந்தபோது அத்தையும் அப்படித்தான் காத்திருந்தார்.

வந்தவருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, விழுந்தப்பதான் அடிக்கணும்! அப்பதான் ஜெயிக்கலாம்!"

"நீ சும்மா இரு தம்பி" என்றார் அத்தை. "எந்திரிச்சு வரட்டும்."

அந்தச் சுற்றும் அடுத்ததும் எனக்கு. அத்தை ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான அடிக்கிற? இத்தன நாளா இந்தக் கைய எங்கடி வச்சிருந்த? இரு, நாளைக்கிப் பாத்துக்கிறேன் உன்ன."

"நாளைக்கா?" என்றார் வந்தவர். "பெட்டிய நான் எடுத்துட்டுப் போவப்போறேம்மா."

"அதெப்படி? நான் தோத்துட்டு ஒக்காந்திருக்கேன். தோத்தவ வூட்டுலேருந்து பெட்டியத் தூக்கிட்டுப் போவியா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அவர் கொடுத்த பணம், காயில் கட்டிய மோட்டாராக வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அத்தைதான் பேசினார்: மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவோம், வட்டிக்கு வெங்காயம். வந்தவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "வாசம் போவாத ரிமோட்ட நான் யாருக்கும்மா குடுக்குறது" என்று சொல்லிக்கொண்டே வெங்காயப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குப் போனார்.

இப்போது தினமும் அடித்துக்கொள்கிறோம். ஜெயித்தாலும் தோற்றாலும் அத்தை பேசுகிறார். தோற்ற நாளில் இன்னும் அதிகமாக. வீட்டில் தண்ணீர் வருகிறது. அரியலூர்க்காரருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய்.