கையைத் தூக்கி நின்ற ஜெயகரன்

ஆண்டர்சன்பேட்டையில் கிறிஸ்துமஸ் கேக் என்றால் பாதி வேலை வீட்டில், பாதி வேலை பேக்கரியில். மாவைக் கலந்து, ஊறவைத்த பழத்தைக் கொட்டிக் கிளறி, தட்டில் ஊற்றி, பேர் எழுதின சீட்டைக் குச்சியில் குத்தி நட்டு, துணியால் மூடி, பேக்கரிக்காரரின் விறகு அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஊரே தட்டும் கையுமாக நிற்கும். போன வருஷம் அந்தக் கூட்டத்தில்தான் பியூலாவுக்கு அநியாயம் நடந்தது. சூட்டில் சீட்டெல்லாம் கருகி, தட்டுகள் ஆள் மாறிவிட்டன. பியூலாவின் கேக் பின்வரிசையில் குடியிருந்த வினோலியாவின் வீட்டுக்குப் போயிற்று. வினோலியாவின் கேக் பியூலா வீட்டுக்கு வந்தது. அதை வெட்டக் கத்தி போதவில்லை, அரிவாள்மணைதான் வேண்டியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் சரி. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வினோலியா கொடுத்த கேக்கைச் சாப்பிட்டிருந்த ஆயரின் மனைவி ஆயரம்மா வினோலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் உன் கேக்குதாம்மா கேக்கு!" என்றார். வினோலியா என்ன செய்தாள் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்றாள். ஐயோ, அந்த அடக்கத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்திலேயே நின்ற பியூலாவுக்கு வயிறு எரிந்தது. திருநாள் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"இனிமே அந்த அடுப்பு வாசல மிதிச்சேன்னா என் பேரு பியூலா இல்ல" என்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள். "நம்ம வூட்லயே ஓவன் வெக்கணும், நோயல் டாடி. என் மாவு, என் ஓவன், என் கேக்கு. எவளும் கிருபைன்னு சொல்லிக்கினு என் கேக்குக்குப் பேர் வாங்கக் கூடாது."

"வெச்சிடலாம்" என்றார் ஜெயகரன். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். சொன்னதில் பாதியைக்கூடச் செய்ய முடிந்ததில்லை என்பது அவருக்கே தெரியும்.

ஜெயகரன் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் மீசை முளைத்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவர். கேஜ் என்கிற கம்பிக் கூண்டில் இறங்கி, பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் பாறையைத் துளைக்கிற வேலை. சுரங்கத்தை மூடியபோது ஊரோடு அவரும் தெருவுக்கு வந்தார். மறு மாதமே விடியற்கால ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தார். "எத்தினியோ அடி கேஜ்ல எறங்கினவனுக்கு பத்து மாடி லிஃப்ட் இன்னா கணக்கு?" என்று கேட்டுத்தான் அந்த வேலையை வாங்கினாராம். தினமும் போகவர ரயிலில் சீட்டுக்கட்டு, சர்ச்சில் கணீரென்ற அடிக்குரல், தெருவில் யாருடைய மிக்ஸி நின்றாலும் முதலில் கூப்பிடுகிற ஆள். அப்படியே காலத்தை ஓட்டி, மகன் நோயலையும் படிக்கவைத்து, ஓய்வும் பெற்றுவிட்டார்.

சுரங்கம் அவரை விட்டுப் போனாலும், சுரங்கத்துக் கேட் மட்டும் அவரை விடவில்லை. அந்த ஊரில் வேலை செய்தவர்களுக்கு அது புரியும். ஷிஃப்ட் முடிந்து கேஜில் மேலே வந்ததும் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. கேட்டில் காவல்காரர்கள் நிற்பார்கள். டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தலைமுடியைக் கோதிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். கையை விரித்து மேலே தூக்க வேண்டும். பூட்ஸைக் கழற்றித் தட்ட வேண்டும். அப்புறம் "போ" என்பார்கள். சோதனைக்கு நிற்காமல் எவனாவது நழுவினால், அவன் எடுத்தானோ இல்லையோ, ஊருக்கு அவன் திருடன்தான். ஜெயகரன் ஒருநாளும் நழுவியதில்லை. தங்கத்தின் நடுவே வேலை செய்துவிட்டு, கவிழ்த்த டிபன் பாக்ஸும் வெறுங்கையுமாக வீட்டுக்கு வந்தவர்.

நோயல் மலேசியாவில் லங்காவித் தீவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஏ.சி. மெக்கானிக். அந்தத் தீவு முழுக்க வரி இல்லாத கடைகள். சாக்லேட்டும் சட்டியும் ஓவனும் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருப்பார்கள். அவன் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டதும், பியூலா முதலில் பெட்டியில் எடுத்து வைத்தது புடவையை அல்ல, அடி கருகின அலுமினியக் கேக் தட்டை.

"இது எதுக்குடி? அங்க தட்டு கெடைக்காதா?"

"ஓவன் வாங்கணும்னா அளவு பாக்க வாணாமா? வாங்கினு வந்து தட்டு நுழையலேன்னா நீங்களா வந்து நொழைவீங்க?"

ஜெயகரன் தட்டின் மேல் தன் சட்டைகளை மடித்து வைத்தார்.

தீவுக்குப் போனவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கம்பியில் தொங்குகிற வண்டியில் மலை ஏறுவார்கள். பியூலா தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினாள். ஒவ்வொரு ஓவனாகக் கதவைத் திறப்பாள், தட்டை உள்ளே விடுவாள், இடிக்கும், "ஊஹூம்" என்று அடுத்ததற்குப் போவாள். கடைப் பெண்கள் இதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். நோயல் கெஞ்சினான்: "மம்மி, ஓவன் நம்ம பங்காருபேட்டையிலயே விக்கிறான் மம்மி."

"விப்பான். கேக் தட்டு நுழையற சைஸ்ல, இந்த வெலைக்கு விப்பானா? வாய மூடிக்கினு அந்தக் கதவத் தொற."

கடைசியில் ஒரு கடையில் தட்டு இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. மேலேயும் ஒரு தட்டுக்கு இடம் இருந்தது. அந்தக் கடையில் வேலை செய்த வாணி மலேசியத் தமிழ்ப் பெண். "ஆண்டி, இவ்வளவு தூரம் தட்டு தூக்கிட்டு வந்த ஆளை நான் பார்த்ததே இல்லை" என்று சிரித்து, தட்டையும் துண்டில் சுற்றி ஓவனுக்குள்ளேயே வைத்து, பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று அதிகமாகவே டேப் ஒட்டிக் கொடுத்தாள். பெட்டிக்குள் வைப்பதற்கு முன் பியூலா ஓவன் கதவைத் தடவிப் பார்த்த விதத்தை ஜெயகரன் பார்த்தார். பிள்ளை பிறந்தபோது நோயலின் நெற்றியை அவள் அப்படித்தான் தடவினாள். இது மட்டும் உடையாமல், பறிபோகாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் ஆண்டவரே என்று அவர் அங்கேயே நின்று வேண்டிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று நோயல் படித்துப் படித்துச் சொன்னான்: "டாடி, பெங்களூர்ல எறங்கினதும் பச்சை போர்டு போட்ட வழியா நேரா நடந்துடுங்க. இது வரி கட்ற அளவுக்கு இல்ல, சட்டப்படி எல்லாம் சரி. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. சும்மா நடங்க."

சும்மா நடப்பது. அதில் என்ன இருக்கிறது? ஒரு கழுதைகூட நடக்கும்.

பெங்களூரில் இறங்கியதும் பியூலா கைப்பையோடு முன்னால் போனாள். ஜெயகரன் ஓவன் பெட்டி வைத்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பச்சை போர்டு தெரிந்தது. அதற்கு அப்பால் கண்ணாடிக் கதவு. கதவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட சுங்க அதிகாரிகள் மேஜை போட்டு நின்றார்கள். பியூலா விறுவிறுவென்று நடந்து கதவைத் தாண்டியும் விட்டாள். ஜெயகரனின் கால் நின்றுவிட்டது.

கேட். சீருடை. கையில் சாமான். அவர் உடம்புக்கு வேறொன்றும் தெரியவில்லை. 'நடடா ஜெயகரா' என்று மனசு சொல்லிற்று. 'சோதனை போடாமப் போறியே, வெக்கமா இல்ல?' என்று கால் கேட்டது. கால்தான் ஜெயித்தது. வண்டியை நேராக மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். ஷூவைக் கழற்றித் தட்டினார். தலையைக் கோதினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். பிறகு இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கிக்கொண்டு, கிறிஸ்துமஸ் மரம் மாதிரி நின்றார்.

அங்கே இருந்த இளம் அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் கூப்பிடாமல் ஒரு ஆள் வந்து நாக்கைக் காட்டுகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "ஏனு? யாரு கூப்பிட்டது உங்கள?" என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் கேட்டார்.

"யாரும் இல்ல சார். செக் பண்ணிக்கிங்க."

"எந்த ஊரு?"

"கே.ஜி.எஃப். சார்."

"என்ன வேலை செஞ்சீங்க?"

"கோல்ட் மைன்ல சார்" என்றார் ஜெயகரன், உள்ளது உள்ளபடி. சனி நாக்கில் வந்து உட்கார்வது என்பது இதுதான். கோல்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இன்னும் இரண்டு அதிகாரிகள் அருகில் வந்துவிட்டார்கள். வாணி ஒட்டின டேப்பையெல்லாம் கிழித்தார்கள். ஓவன் கதவைத் திறந்தால் உள்ளே துண்டில் சுற்றின கறுப்புத் தட்டு.

"இது என்ன?"

"கேக் தட்டு சார்."

"புது ஓவனுக்குள்ள பழைய தட்டா? அங்கேயே வாங்கினதா?"

"இல்ல சார். ஆண்டர்சன்பேட்டைலருந்து போச்சு. திரும்பி ஊருக்கு வருது."

இளம் அதிகாரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "பின்பக்கத்தைப் பிரிச்சிடலாம், உள்ள தங்கத் தகடு இருக்கலாம்" என்றார். கண்ணாடிக்கு அப்பால் பியூலா நிற்பது தெரிந்தது. அவளால் உள்ளே வர முடியாது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, பிரித்துப் போட்ட பெட்டியையே பார்த்தாள். பாவிப்பயலே, சும்மா நடக்கத் தெரியாதா உனக்கு என்று ஜெயகரன் தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு வருஷமாக அவள் கண்ட கனவைத் தன் கையாலேயே கொண்டுவந்து ஸ்க்ரூடிரைவருக்குக் கொடுத்துவிட்டாரே!

"சார், பிரிக்காதீங்க சார். அது எங்க வூட்டம்மா ஆசையா வாங்கினது சார்" என்றார். தூக்கின கை இன்னும் இறங்கவில்லை.

அப்போது பெரிய அதிகாரி வந்தார். ஐம்பதை ஒட்டின பெண்மணி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். ஜெயகரனை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல கையை இறக்குங்க. நீங்க பாட்டுக்குப் போயிருக்கலாமே. ஏன் இங்க வந்து நின்னீங்க?" என்று தமிழிலேயே கேட்டார்.

ஜெயகரன் கையை இறக்கினார். "மேடம், எங்க மைன் கேட்ல சோதனை போடாம வெளிய போனா திருடன்னு அர்த்தம். சோதனை போட்டு, போய்யான்னு சொன்னாதான் கையில இருக்கறது நம்முது. இது அவளுது மேடம். அவள யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது. அதான் வந்து நின்னுட்டேன்."

இளம் அதிகாரி ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஸ்க்ரூடிரைவர உள்ள வை. ஸ்கேன்ல விட்டுப் பாரு, போதும்" என்றார் அந்த அம்மா. ஓவன் இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. திரையில் கம்பியும் கதவும் ஒரு தட்டும்தான் தெரிந்தன. சந்தேகப்பட்ட பாவத்துக்கு இளம் அதிகாரியே குனிந்து பெட்டியை மூடி டேப் ஒட்டினார். பெரிய அதிகாரி பெட்டியின் மேல் கையை வைத்துச் சொன்னார்: "பாத்தாச்சு. இது உங்க வீட்டம்மாவோடது. எடுத்துட்டுப் போங்க."

ஜெயகரன் நின்ற இடத்திலேயே ஒரு சல்யூட் அடித்துவிட்டு, ஷூவை அரைகுறையாக மாட்டிக்கொண்டு, வண்டியை உருட்டினார்.

கதவு திறந்ததுதான் தாமதம், பியூலா பிடித்துக்கொண்டாள். "யாரு உங்கள கூப்ட்டா? பெத்த புள்ள தலப்பாடா சொன்னானே, சும்மா நடங்கன்னு! ஊர்ல இருக்கறவன் எல்லாம் பொட்டி பொட்டியா தள்ளிக்கினு போறான், நீங்க மட்டும் நாக்க நீட்டிக்கினு நிக்கறீங்க! எனக்கு உசுரே போய் வந்துச்சு. பிரிச்சிட்டாங்களா? உள்ள ஒடச்சிட்டாங்களா? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"ஒண்ணும் ஆவல பியூலா. அப்பிடியே இருக்குது."

"அப்புறம் எதுக்குய்யா போயி நின்னீங்க?"

ஜெயகரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு அழுகை சாமானியமாக வராது. சுரங்கம் மூடின அன்றுகூட வரவில்லை.

"மைன்ல இருந்த காலம் பூரா அந்தக் கேட்ல கைய விரிச்சிக் காட்டிட்டு, வெறுங்கையோடதானே உங்கிட்ட வந்தேன். இன்னிக்கும் விரிச்சிக் காட்டினேன் பியூலா. இது உன் பொண்டாட்டியுது, எடுத்துக்கினு போன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

பியூலா அடுத்த வசவுக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். சுற்றிலும் டாக்சிக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, நடு விமான நிலையத்தில் முட்டி போட்டு, அவருடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டாள். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் கைப்பிடியில் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"தள்ளுங்க" என்றாள். "நான் ஒரு பக்கம் புடிச்சிக்கிறேன்."