தலையக்காவும் சிரித்த முகமும்

விமானத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் தலையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பதினோரு வருடம் செருப்புக் கடையில் கண்டவர் காலையெல்லாம் பிடித்து அளந்தவள், காலிலிருந்து தலைக்குப் பதவி உயர்ந்து ஒன்பது வருடமாகிறது. புதிய போர் விமானத்தை ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் பொருத்துவது அவள் வேலை. முகம் மறந்துபோகும், தலை மட்டும் மறக்கவே மறக்காது. மகள் தன் மனசுக்குப் பிடித்த பையனை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டி, அவன் போனதும் ஆசையாகக் கேட்டாள், "எப்படிம்மா இருக்கார்?"

"ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். இடது காது ஒரு நூல் மேலே."

"நல்லவேளை, என்னைப் பார்த்தப்ப இவ செருப்புக் கடையில இருந்தா" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

அந்த ஹெல்மெட் வெறும் கவசமல்ல. வேகம், உயரம், எதிரே வரும் விமானம் எல்லாம் அதன் முன்கண்ணாடியிலேயே தெரியும். குனிந்தால், விமானத்தின் அடியிலுள்ள கேமராக்கள் பிடித்த தரை காலுக்குக் கீழே தெரியும். எல்லாம் ஹெல்மெட் கண்ணுக்கு நேராக நிற்கும்வரைதான். இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் பாதி எண்கள் காணாமல் போய்விடும். அதனால் ஓட்டுகிறவரின் தலையை ஸ்கேன் எடுப்பார்கள். அந்த அளவுக்கு மெஷின் நுரைத் திண்டுகளை வெட்டித் தரும். அவற்றை உள்ளே ஒட்டி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் செதுக்கி, தலையில் உட்காரவைத்துக் கையெழுத்துப் போடுவது தலையக்கா.

அந்தக் கையெழுத்துக்குத்தான் இப்போது சோதனை. புதிதாக வந்த சோதனை விமானி எப்போது பார்த்தாலும் வாயெல்லாம் பல்லாக இருப்பார். அவரே இரண்டு முறை பறந்துவிட்டு, சிரித்துக்கொண்டே புகார் சொன்னார்: "வளைஞ்சு திரும்பினா படம் கீழே சரியுதுக்கா." அறையில் மாட்டிப் பார்த்தால் அசைவே இல்லை. தலையக்கா மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

மேனேஜர் திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மூணாவது தடவை பறக்கிறார். அன்னைக்கும் சரிஞ்சா, இந்த வேலையை ஹெல்மெட் செஞ்ச கம்பெனிக்கே கொடுத்துடப் போறோம். உங்களுக்கு ஸ்டோர்ல இடம் இருக்கும்மா."

ஸ்டோரில் திருகாணிகள் இருக்கின்றன, தலைகள் இல்லை. அவள் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விமானியை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள். கவலை இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? வழக்கம்போல ஏதோ கேலி பேசினாள், அவரும் சிரித்தார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் ஆட்டினால் தலைதான் கூடவே வந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவைத் திறந்தார். விமானியின் சிரிப்பு பட்டென்று நின்றது. தலையக்காவின் கைக்குள் ஹெல்மெட் இம்மியளவு இறங்கியது.

அவர் கன்னத்துக்கும் திண்டுக்கும் நடுவே அவள் விரலை விட்டாள். சுலபமாக நுழைந்தது.

அடுத்த நிமிடம் ஸ்கேன் அறையில் இருந்தாள். அவருடைய தலையைத் திரையில் திருப்பச் சொன்னாள். சாம்பல் நிறத்தில் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது தலை. ஸ்கேன் எடுப்பவர் முன்பு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்.

"சிரிக்கச் சொன்னீங்களா அண்ணே?"

"எல்லாரையும்தான் சொல்வேன். பழக்கதோஷம். ஒருத்தரும் சிரிச்சதில்லை. இவர்தான் முதல்ல சொன்ன பேச்சைக் கேட்டார்!"

உப்பிய கன்னத்துக்கு மெஷின் திண்டு வெட்டியிருக்கிறது. உடம்பு ஆறு மடங்கு கனக்கிற திருப்பத்தில் எவர் சிரிப்பார்? கன்னம் வற்றியதும் ஹெல்மெட் இறங்கியிருக்கிறது. தலையக்கா நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்: "ஸ்கேன்ல பாதித் தப்பு, என் வாயில பாதித் தப்பு சார். பொருத்தும்போதெல்லாம் நானே அவரைச் சிரிக்கவெச்சுட்டேன்." மேனேஜர் முறைத்தார். வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்.

மறு ஸ்கேன் அதைவிடக் கூத்து. "சிரிக்காதீங்க சார்" என்றதும் விமானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினால் கன்னம் இன்னும் உப்பியது. நான்கு ஸ்கேன் வீண். ஸ்கேன்காரரும் சிரித்தார், தலையக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், இது சரியாகலைன்னா வெள்ளிக்கிழமையோட எனக்கு இந்த வேலை இல்லை. ஸ்டோருக்கு அனுப்பிடுவாங்க."

விமானியின் முகம் அப்படியே மாறியது. "என்னக்கா சொல்றீங்க? என்னாலயா?"

"அசையாதீங்க! அண்ணே, எடுங்க!"

புதிய திண்டுகளை ஒட்டிக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ரேடியோ அறையில் மேனேஜருக்குப் பின்னால் நின்றாள். மேலே விமானம் வளைந்தது. ரேடியோப் பெட்டியில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் குரல்: "படம் அசையலை. திரும்பவும் சொல்றேன், அசையவே இல்லை."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "ஸ்டோர்ல இடம் இல்லைம்மா" என்றார். தலையக்காவுக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, பிடித்தும் விட்டாள்.

விமானி இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டு கன்னத்திலும் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது.

"ஒரே ஒரு புகார்க்கா. படம் நின்னதும் சந்தோஷத்துல சிரிச்சுட்டேன். கன்னம் மாட்டிக்கிச்சு."

தலையக்கா பொருத்தச் சீட்டில் கையெழுத்தைப் போட்டாள்.

"மேலே சிரிக்காதீங்க சார். சிரிப்பைக் கீழே கொண்டுவாங்க. நான் இங்கேதான் இருப்பேன்."