என் பதினெட்டு மார்க்

பதினொரு வருடம் பீர் ஆலையில் பாட்டில் கழுவியவள் என் மனைவி. வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் நேராக முதலாளியம்மாவிடம் போய், "நம்ம பில்ஸ்னர் பீர்ல உசிரே இல்லம்மா. ஒரு சின்ன டாங்க் குடுங்க, செக் நாட்டு மாதிரியே போட்டுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். பீர் காய்ச்சும் தலைமை ஆளின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா சம்மதித்தார். ஆனால் ஐந்து பேர் ருசி பார்த்து ஐம்பதுக்கு மார்க் போட வேண்டும். சராசரி முப்பத்தைந்துக்குக் குறைந்தால் டாங்க் முழுவதும் சாக்கடைக்கு, இவள் மறுபடி பாட்டிலுக்கு.

ஐவரில் நானும் ஒருவன். அதே ஆலையில் குளிர்சாதன மெக்கானிக். பீடி, சிகரெட் தொடாத நாக்கு என்று என்னைச் சேர்த்திருந்தார்கள். எட்டு வாரம் என் உயிரை வாங்கினாள். "அரை டிகிரி ஏறியிருக்கு, என்ன மெக்கானிக் நீங்க?" ஒரு சொட்டு கண்ணில் காட்டவில்லை. "நுரை நாலு விரல் கனத்துக்கு நிக்கும்" என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாள். எனக்கு அது போதாதா!

ருசி பார்க்கும் நாளில் அவளுடையதோடு மற்ற பீர்களும் கலந்து ஐந்து கிளாஸ், எண் மட்டும் ஒட்டியிருந்தது. ஒருவர் தாமதமாக வந்ததில் முதல் கிளாஸின் நுரை அமுங்கிப் போயிருந்தது. குடித்தேன். அடடா! சுட்ட ரொட்டி மணம், தேன் நிறம், கடைசியில் நாக்கை வழித்துவிடும் சுத்தமான கசப்பு. இதற்குப் பிறகு அவளுடையது யார் நாக்கிலும் எடுபடாதே. எவனோ என் பெண்டாட்டியைத் தோற்கடிக்கப் போகிறான்! பதினெட்டு போட்டேன். மூன்றாவதில் நுரை கோபுரமாக நின்றது. வந்துவிட்டாள்! நாற்பத்தொன்பது. ஐந்தாவது சப்பென்று இருந்தது, இருபத்திரண்டு.

தாள்களை வாங்கிய முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். மூன்றும் ஐந்தும் ஒரே பீராம், தலைமை ஆள் போட்டது. ருசி பார்ப்பவர்களைச் சோதிக்க அப்படி ஒன்றை இரண்டு தடவை வைப்பது வழக்கமாம். ஒரே பீருக்கு நாற்பத்தொன்பதும் இருபத்திரண்டும் போட்ட என் தாளைக் குறுக்கே அடித்தார். என் மனைவியுடையது ஒன்றாம் நம்பர். மற்ற நால்வரின் சராசரி முப்பத்தேழு.

ஜெயித்துவிட்டாள்! கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் பதினெட்டும் சேர்ந்திருந்தால் முப்பத்துமூன்றுதான். விரல் விட்டு இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அடித்த தாளை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பதினெட்டா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. உன்னோடதைத் தோக்கடிச்சிரும்னு பயந்துதான்..."

முறைத்தாள். பதினொரு வருடம் சுடுதண்ணீரில் ஊறிய அந்த விரல்களால் என் சட்டையைப் பிடித்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

"பயந்துதான்னு..."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி சொன்னது."