சிம்மாசனம் இரவல், பேர் அடுத்த வாரம்

காமெடி நிகழ்ச்சிக்குச் சாமான் கொண்டுவந்து கொடுக்கிற தொழில் பந்தல்காரன் தொழில் மாதிரி: எல்லாம் ஒழுங்காக நின்றால் உன்னை ஒருத்தனுக்கும் தெரியாது, ஒரே ஒரு கம்பு சாயட்டும், ஊருக்கே உன் பேர் தெரியும். பக்கத்து வீட்டு வாசலில் ஏணி இரவல் கேட்டு நின்றவர்கள் இதைப் படியுங்கள். மற்றவர்களுக்கு என் வலி புரியாது.

மைசூரில் எங்கள் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் சனிக்கிழமை ஏழரை மணிக்கு ஒரு கன்னட நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. குட்டிக் குட்டி நாடகங்கள். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய நடிகர்கள், ஒரு கேமரா, பன்னிமண்டபம் பக்கம் ஒரு பழைய கோடவுன். பேர் ‘ஏளூவரெ கலாட்டெ’. ஏழரை மணிக்கு வருவதால் அந்தப் பேர். எனக்கு ஏழரை பிடித்ததும் அதில்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சைக்கிளில் பிளாஸ்டிக் வாளி விற்றேன். மண்டி மொஹல்லாவில் பழைய பீரோ, நாற்காலி வாங்கி விற்றேன். ஏமாந்தேன், அடி வாங்கினேன், அடித்தும் இருக்கிறேன். சேகர் பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளி சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான் என்று மார்க்கெட்டில் பேச்சு. அதைக் கேள்விப்பட்டுத்தான் டைரக்டர் மகேஷ் என்னைக் கூப்பிட்டார். வாடகை என்று ஒன்று கிடையாது. ‘உங்கள் கடைப் பேரைத் திரையில் போடுகிறோம்’ என்று சொல்லியே சாமானைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அதுதான் வேலை.

ஊரான் பேரையெல்லாம் திரையில் ஏற்றினேன். என் பேர்? ஹனூரில் விவசாயம் பார்க்கிற என் மாமனார் சின்னச்சாமி, பெண்ணைப் பழைய பீரோ வியாபாரிக்குக் கொடுத்ததை இன்னும் ஜீரணிக்காதவர். டிவியில் வேலை என்று நான் நெஞ்சை நிமிர்த்தியதும், எங்கள் வீட்டுக்கு வந்தபோது நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்துவிட்டு, “எங்கீங்க மாப்ளை, உங்களைக் காணமே?” என்றார். கோடவுனுக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். “கல்யாண மண்டபத்துக்குள்ள கறிகாய் எறக்கறவனுந்தான் நிக்கறானுங்க. அவனெல்லாம் மாப்பிள்ளை ஆயிருவானா? கடைசீல பேரு ஓடுதில்லீங்க, அதுல வரட்டும், நம்பறேன்” என்றார். யூடியூபில் காட்டலாம் என்றால், அங்கே நாடகத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். பேர் ஓடுகிற இடம் இருக்காது. மகேஷிடம் கேட்டேன். “அடுத்த வாரம் போட்டுடலாம், சேகர்.” அந்த அடுத்த வாரம் வருவதற்குள் நடந்தவைதான் இவை. மற்றவர்கள் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வசவுகளை விட்டுவிட்டேன், பாதிக் கதை அதோடு போயிற்று.

பிளாஸ்டிக் குடும்பம்

ஒரு குடும்ப நாடகத்துக்குச் சோபா வேண்டியிருந்தது. பாஷா பாய் கடையில் டீக்கு மேல் டீயாகக் குடித்துப் பேசி, புத்தம் புது மெரூன் சோபா ஒன்றை இரவல் வாங்கினேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சோபா பழசு, என் தலையில் கட்டிவிடுவார். கேமராவில் பிளாஸ்டிக் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தது. தெரிந்ததுகூடப் பரவாயில்லை, பேச ஆரம்பித்தது. எங்கள் முக்கிய நடிகர் நாகராஜுக்குப் பெரிய உடம்பு. மீசையை வழித்துவிட்டுப் புடவை கட்டி ‘கௌரம்மா’ வேஷம் போடுவார். அவர் பொத்தென்று உட்கார்ந்ததும் எழுந்த சத்தத்தில் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காதைத் தேய்த்தார். கௌரம்மா புருஷனிடம் உருகி உருகிப் பேசுகிற கட்டம் அது. அவள் அசைந்தபோதெல்லாம் சோபா பதில் சொன்னது.

உறையைக் கழற்று என்றார் மகேஷ். கழற்றினால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கத்தினேன். எங்கள் சண்டையைச் சட்டை செய்யாமல் நாகராஜ் காலைத் தூக்கிச் சோபா மேல் போட்டு, “பொண்ணு கல்யாணம் முடிஞ்சாத்தான் கவரைப் பிரிக்கணும்னு எங்க அத்தை உத்தரவுங்க” என்று தன் பாட்டுக்கு ஒரு வசனத்தை விட்டார். கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படமே ஆடிற்று. அன்றிலிருந்து கௌரம்மா குடும்பம் பிளாஸ்டிக் குடும்பமானது. ரிமோட்டுக்கு உறை, மின்விசிறிக்கு உறை, கடைசியில் புருஷனுக்கும் ஒரு உறை. உங்கள் வீட்டு ரிமோட்டும் அப்படித்தான் இருக்கும், மறைக்காதீர்கள். கடைப் பேர் திரையில் பளிச்சென்று வந்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிருக்கும் என்று அடுத்த வாரம் மிதப்பாகப் போய் விசாரித்தேன். பாஷா பாய் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க டிவியைப் பார்த்துட்டு வர்றவங்க சோபா வேண்டாம், அந்தக் கவர் மட்டும் கிடைக்குமான்னு கேக்கறாங்க, சேகர் பாய்.”

ஆட்சி கவிழ்ந்த கதை

ராஜா நாடகத்துக்குச் சிம்மாசனம். கல்யாண வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற தங்க நிற நாற்காலிதான் நம் ஊரில் சிம்மாசனம். டெக்கரேஷன்காரர் ரவியிடம் ஒன்றை மடக்கினேன். அன்று மாலையே ஒரு வரவேற்பு இருக்கிறது, அதற்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்வேன் என்றார். அதற்குள் முடிந்துவிடும் என்று அடித்துச் சொன்னேன். நாகராஜுக்கு ஒட்டுமீசை நிற்கவில்லை, கிரீடம் நிற்கவில்லை, வசனமும் நிற்கவில்லை. நாட்டில் பஞ்சம் என்று மந்திரி அழுதுகொண்டிருக்கும்போது ரவி தன் ஆட்களோடு உள்ளே நுழைந்தார். கேமரா ஓடுகிறதே, கொஞ்சம் பொறய்யா என்று நான் சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையை ஒரு திருகு திருகிவிட்டு நேராகச் சபைக்குள் போனார்.

அவருடைய ஆட்கள் சிம்மாசனத்தைத் தூக்கிப் போக, நாகராஜ் கொஞ்சமும் கலங்காமல், நாற்காலி இருப்பது போலவே முழங்காலை மடக்கி நின்று மீதி நாடகத்தை நடித்து முடித்தார். அது அப்படியே ஒளிபரப்பாயிற்று. அரசியலை இவ்வளவு நுட்பமாகக் கிண்டல் செய்கிறீர்களே என்று பாராட்டி ஒருவர் போன் செய்தார். எந்தக் கட்சியைச் சொல்கிறீர்கள் என்று மிரட்டி இன்னொருவர் செய்தார். இரண்டு பேருக்கும் நன்றி என்றார் மகேஷ். ஆனால் நாடகத்தின் நல்ல வசனம் எங்களுடையதே இல்லை. ராஜா முன்னால் ரவி கைகட்டி நின்று சொன்னது:

“எழுந்திருங்க ஸ்வாமி, அங்கே பொண்ணு மாப்பிள்ளை நின்னுக்கிட்டிருக்காங்க.”

ராஜம்மாவின் தராசு

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, சாமான் இரவல் கொடுக்கிறவரைக் கோடவுனுக்குள் விடக்கூடாது என்பது. கற்றதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. தேவராஜா மார்க்கெட்டில் காய்கறி விற்கிற ராஜம்மா, தராசைக் கொடுக்கிறேன், ஆனால் அது இருக்கும் இடத்தில்தான் நானும் இருப்பேன் என்றுவிட்டார். அவர் மட்டும்தான் என்னிடம் பேரத்தில் தோற்காதவர். தராசை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து, கேமராவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

நாடகத்தில் கௌரம்மா காய்கறிக்காரி. தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்தி வாடிக்கையாளரை ஏமாற்ற வேண்டும். நாகராஜ் அழுத்தினாரோ இல்லையோ, ஸ்டூல் உருண்டது. “ஏய், எடு கையை! ஊரே பார்க்கப் போகுது, என் தராசில கள்ள எடையா? நாளைக்கு எவ என் கடைக்கு வருவா?” என்று ராஜம்மா கேமரா முன்னால் பாய்ந்து, நாகராஜின் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்து, சரியாக எடை போட வைத்து, மேலே ஒரு தக்காளியும் கொசுறு போட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். மகேஷ் கேமராவை நிறுத்தவே இல்லை. அந்த வாரம் ராஜம்மாவின் கடையில் கூட்டம் தாங்கவில்லை. திரையில் அவர் பேர் தனியாக, பெரிய எழுத்தில் வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி நடிக்க வருவாயா அக்கா என்று கேட்கப் போனேன்.

“நடிக்கச் சொன்னா வரமாட்டேன் தம்பி, திட்டச் சொல்லு, வர்றேன்.”

என் பேர் வந்த சனிக்கிழமை

ஒருநாள் பொறுமை போய், எடிட்டர் சசியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் பேரைப் போடாமல் நகர மாட்டேன், கரண்டையும் பிடுங்கிவிடுவேன் என்றேன். பயந்தாரோ, பாவம் பார்த்தாரோ, போட்டுவிட்டார். ‘செட் பொருட்கள்: சேகர், காயத்ரிபுரம்.’ கண்ணால் பார்த்தேன். அன்றே ஹனூருக்குப் போன் போட்டேன். மாமனார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அவரைக்காய் மூட்டையோடு கொள்ளேகால் வழியாகப் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். என் மனைவி மல்லிகா பக்கத்து வீட்டாரையும் அழைத்துவிட்டாள். சொல்லாதே என்றால் கேட்பாளா?

நிகழ்ச்சி முடிந்தது. பேர்கள் ஓட ஆரம்பித்தன. நான் எழுந்து நின்று டிவியில் இடம் காட்டினேன். சரியாக என் பேர் கீழேயிருந்து ஏறி வந்தபோது, திரையின் அடியில் ஒரு ஊதுபத்தி விளம்பரம் பட்டையாக விரிந்து, ஏறி, என்னை விழுங்கிவிட்டது. பட்டை போனபோது சேனலின் சின்னம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் காபியைக் குடித்துவிட்டு நல்லபடியாகக் கலைந்தார்கள். நான் ரிமோட்டை எறியப் போனேன். உறை போட்டிருந்ததால் வழுக்கிவிட்டது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஊதுபத்தி நல்லாருந்துச்சுங்க, மாப்ளை.”

உட்கார்ந்து செத்தவர்

பிறகு ஒரு திங்கட்கிழமை மகேஷ் எல்லோரையும் கூப்பிட்டு, இந்தச் சனிக்கிழமையோடு நிகழ்ச்சியை நிறுத்துகிறார்கள் என்றார். எல்லோருக்கும் வேலை போகிற கவலை. எனக்கும்தான், ஆனால் அதற்குமேல் ஒரு கவலை. இனி அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. கடைசி நாடகம் ஒரு கிராமத்து வீடு. கட்டிலில் ஒரு பெரியவர் சாகக் கிடக்க, பிள்ளைகள் அந்தக் கட்டிலுக்காக அடித்துக்கொள்வார்கள். பழைய கயிற்றுக் கட்டில் வேண்டும். மைசூர் முழுக்கத் தேடினேன். யாரிடம் இருக்கிறது என்று எனக்கு முதலிலேயே தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. மல்லிகா கேட்டுவிட்டாள். மறுநாள் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வந்த வண்டியில், தக்காளிக்கு மேல் கட்டில், கட்டிலுக்குக் காவலாக என் மாமனார்.

வந்தவர் நாகராஜை மேலும் கீழும் பார்த்தார். “உக்காரலாமுங்க. படுக்கப்படாது. கயிறு தொய்ஞ்சுருமுங்க” என்றார். படுத்தால்தானே மாமா சாக முடியும் என்றேன். அது உங்க பாடு என்றார். கெஞ்சினேன், அதட்டினேன், புதுக் கயிறு பின்னித் தருகிறேன் என்றேன். இத்தனை வருஷம் ஊரையே மடக்கிய வாய்க்கு அவரிடம் ஒரு அங்குலம்கூடப் பெயரவில்லை. நாகராஜ் உட்கார்ந்தபடியே செத்தார். பிள்ளைகள் அழும்போது, சாய்ந்தால் கட்டில்காரர் திட்டுவாரே என்று பிணம் ஒரு கண்ணைத் திறந்து ஓரமாகப் பார்த்தது. நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே பெரிய சிரிப்பு அதுதான். என் மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சசி என்னைத் தனியாக அழைத்தார். முழுக்க விளம்பரம், இன்னும் ஒரே ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கிறது, உன்னுடையதைப் போட்டுவிட்டேன், இந்தத் தடவை பட்டையும் வராது, நான் பொறுப்பு என்றார். திரும்பிப் பார்த்தேன். மேக்கப் கண்ணாடி முன்னால் நின்று தலையைப் படிய வாரிக்கொண்டே மாமனார் நாகராஜிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏனுங்க, கட்டில் குடுத்தவங்க பேரும் கடைசீல வருமுங்களா?” எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சசியின் தோளைத் தட்டி, என் பேரை எடுத்துவிட்டு அவர் பேரைப் போடு, தப்பாகப் போட்டால் உதைப்பேன் என்றேன்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் மறுபடி அதே கூட்டம், அதே காபி. ‘கட்டில்: சின்னச்சாமி, ஹனூர்.’ திரை நடுவில் வந்து நின்றது. ஊதுபத்தியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேரை எடுக்கச் சொன்ன கதையை அவளுக்குச் சசி போனில் சொல்லியிருக்க வேண்டும். மாமனார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முதல்முறையாக என் தோளில் கை போட்டார்.

“டிவில பேரு வர்றதெல்லாம் ஒண்ணும் பெரிய காரியமில்லீங்க, மாப்ளை. மனசு விட்றாதீங்க, நீங்களும் முயற்சி பண்ணுங்க, வரும்.”

ஆக, எங்கள் குடும்பத்தில் டிவிக்காரர் என்றால் இன்றைக்கு அவர்தான். நான் அவருடைய கட்டிலைக் கயிறு தொய்யாமல் சுமந்துபோய் ஹனூரில் இறக்கிவிட்டு வந்த ஆள்.