பஸ்ஸில் எனக்குப் பயம் வரவில்லை

பட்டப்படிப்பு முடிந்ததும், மேற்படிப்புக்குப் போகுமுன் மாத்தளையில் ஓர் உளநல நிலையத்தில் ஒரு வருடச் சேவைக்குச் சேர்ந்தேன். மாதம் சிறு கொடுப்பனவு உண்டு. யட்டவத்தப் பக்கத் தோட்டங்களில், ஆட்கள் காணாமல் போன வீடுகளுக்குப் போய் வீட்டாரின் பேச்சைக் கேட்பதே வேலை. ஆரம்பத்தில் அறைக்கு வந்து அழுவேன். சில மாதங்களில் அதுவும் நின்றுவிட்டது. தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் நாலந்தாவிலிருந்து திரும்பும்போது, சீட்டுக்கடியில் கேட்பாரற்றுக் கிடந்த பையைக் கண்டு ஒருவர் கத்தினார். எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். நான் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் திரும்ப ஏறி வந்து, "நங்கி, பஹின்ன!" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லிக் கத்தி, கையைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

வீதியோரம் நின்ற ஓர் அம்மா, "ஏம்மா, கத்துனது கேக்கலையா?" என்றார்.

"கேட்டிச்சுங்க."

"பொறகு ஏன் எந்திரிக்கல? பயமா இல்லையா?"

"இல்லைங்க" என்றேன். உண்மையும் அதுதான்.

ராணுவத்தினர் வந்து திறந்தபோது பைக்குள் ஈரத்துணிதான் இருந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று புரிந்தது.

மறுநாளே எங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். என்னை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டு, தினமும் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டார். வெகுநாள் கழித்துத்தான் அழ முடிந்தது.

இப்போது அதே சேவைக்கு வரும் பட்டதாரிகளுக்கு நான் பொறுப்பு. எத்தனை வீடு போனீர்கள் என்று முதலில் கேட்பதில்லை. "இந்தக் கிழமை எதுக்காவது பயந்தீங்களா, கோவப்பட்டீங்களா?" என்றுதான் கேட்கிறேன். "ஒண்ணும் தோணல மிஸ்" என்பவரை அடுத்த நாள் தோட்டத்துக்கு அனுப்புவதில்லை.